முதல் செவி மரியாதை

காது இருந்தால் கேட்டுவிடலாம் என்று ஒருவர் நினைத்தால், அவர் ஸ்ரீரங்கம் சுத்த நாத பரிபாலன சபாவுக்குப் போனதில்லை என்று அர்த்தம். ஆனந்தவள்ளியும் போகிற வரைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்குப் பிழைப்பே கேட்பதுதான். எங்கெங்கோ இருக்கும் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும் வாயால் சொல்லிப் பதிவுசெய்து அனுப்புவார்கள். எடமலைப்பட்டி புதூரில் ஒரு முன்னறையில் உட்கார்ந்து இவள் அதைக் காதில் மாட்டிக் கேட்டு டைப் அடித்துத் திருப்பி அனுப்புவாள். கணவன் மருதை மண்ணச்சநல்லூர் ரைஸ் மில்லில் மூட்டை தூக்கி இடுப்பைப் போக்கிக்கொண்டு வீட்டோடு படுத்த பிறகு, அந்த வீட்டில் அடுப்பு எரிவது அவளுடைய இரண்டு காதுகளை நம்பித்தான். கேடு அங்கேதான் வந்தது. கம்பெனி கொடுத்த லேப்டாப் கிழம். சார்ஜரைச் செருகினால் உர்ரென்று இரையும். மவுசை நகர்த்தினால் காதுக்குள் எறும்பு ஊரும். டாக்டர்களோ மென்று விழுங்கிப் பேசுகிற ரகம். புரியாத இடத்தை நிரப்பாமல் விட்டு அனுப்ப வேண்டும் என்பது கம்பெனி விதி. அவள் அனுப்பிய பக்கங்கள் பல் விழுந்த வாய் மாதிரி ஆகிக்கொண்டு வந்தன.

சென்னையிலிருந்து வேலையை மேற்பார்க்கும் ஜாஸ்லின் போன் செய்தாள். “அக்கா, இந்த மாசக் கடைசியில உங்க ஃபைல் ஒண்ண எடுத்துச் சோதிப்பாங்க. அதுலயும் இத்தன பிளாங்க் இருந்துச்சுன்னா வேலைய விட்டு எடுத்துருவாங்க. என்னால ஒண்ணும் பண்ண முடியாதுக்கா.”

ஆனந்தவள்ளி சிங்காரத்தோப்புக்குப் போனாள். கம்ப்யூட்டர் சாமான் விற்கும் நஸ்ருல்லா, லேப்டாப்பின் இரைச்சல் ஹெட்போனுக்குள் வராமல் இருக்க வெளியே ஒரு குட்டி ஆம்ப்ளிபையர் மாட்டினால் போதும் என்றார். அவரிடம் இரண்டு இருந்தன. ஒன்று சின்னது, மலிவு. இன்னொன்று அதைப்போல மூன்று மடங்கு விலை.

“சின்னதே போதுமாங்க?”

“போதும்னுதான் நினைக்கிறேன். ஆனா பெட்டியப் பிரிச்சா நான் திருப்பி எடுக்க மாட்டேன். அப்புறம் என்னையச் சொல்லக் கூடாது. ஸ்ரீரங்கத்துல ஒரு சபா இருக்கு. இதே சின்னத எங்கிட்டதான் வாங்கிட்டுப் போனாங்க. சும்மா போட்டுக் காட்டுறோம்னு போர்டே வச்சிருக்காங்க. அஞ்சு நிமிஷம் கேட்டுப் பாத்துட்டு வாங்களேன்.”

மனுஷன் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். உலகத்தில் பாதி நாசம் இப்படித்தான் ஆரம்பமாகிறது.

மறுநாள் லேப்டாப்போடு ஜங்ஷனுக்கு வந்து ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்து, உத்திர வீதியில் விசாரித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தாள். ‘கணினிவழி நல்லொலி கேட்க விழையும் எளியோர்க்கு இலவசம்’ என்று வாசலில் பலகை இருந்தது. உள்ளே நீளமான கூடம். கூடத்தின் கோடியில் கண்ணாடி அலமாரி. அலமாரிக்கு இரண்டு பூட்டு, இரண்டின் மேலும் அரக்கு முத்திரை. உள்ளே பட்டுத் துணியின்மேல் சோப்பு டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. அதன்மேல் ஒரு ஹெட்போன், அதற்குச் சாமந்தி மாலை.

கூடத்தில் உட்கார்ந்திருந்த பத்துப் பன்னிரண்டு பேரும் ஒரு காதில் பஞ்சு அடைத்திருந்தார்கள். பாதிப் பேருக்கு வலது காதில் பஞ்சு, மீதிப் பேருக்கு இடது காதில். ஒருவர் மைக்கில் பேசிக்கொண்டிருந்தார். மைக் கீயென்று கத்திக்கொண்டிருந்தது. அதை அங்கே யாரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

தலைவர் சௌம்யநாராயணன் அவளை அழைத்து எதிரே உட்காரச் சொன்னார். “உக்காருங்கோ. இந்தப் பக்கமா வந்து பேசுங்கோ, அந்தக் காதுல பஞ்சு. என்ன வேணும்?”

“அந்தப் பொட்டிய என் லேப்டாப்புல மாட்டி அஞ்சு நிமிஷம் கேட்டுப் பாக்கணுங்க.”

மைக்கில் பேசிக்கொண்டிருந்தவர்கூடப் பேச்சை விட்டுத் திரும்பிப் பார்த்தார். மைக் மட்டும் கத்தியது.

“கேக்கறதா?” என்றார் தலைவர். அவர் முகத்தில் கோபம் இல்லை. விவரம் தெரியாதவர்களிடம் காட்டும் கருணைதான் இருந்தது. “அம்மா, இது ஏதோ கடையில வாங்கற சாமான் இல்லை. முதல் செவி மரியாதை தீர்மானமாகாம அதை யாரும் காதுல வைக்க முடியாது.”

விஷயம் இதுதான். பெட்டி வாங்கிய அன்றே, அதை முதலில் காதில் மாட்டும் உரிமை யாருக்கு என்று கேள்வி வந்தது. தலைவருக்குத்தான், கோயிலில் முதல் தீர்த்தம் பெரியவருக்குத்தானே என்றது வால்வுக் கட்சி. அவர்கள் பழைய ரேடியோக்களின் கண்ணாடி வால்வுதான் சங்கீதத்துக்கு உயிர் என்று நம்புகிறவர்கள். இல்லை, வாங்கலாம் என்று முதலில் முன்மொழிந்த செயலாளர் ரத்தினவேலுக்குத்தான் என்றது, வால்வெல்லாம் பழங்கதை, சிலிக்கன் சிப்புதான் சுத்தம் என்கிற சிப்புக் கட்சி. அடிதடிக்கு வயதில்லாததால், எதிர்க்கட்சி உட்காரும் பக்கத்துக் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார்கள். வழக்கு முடியும்வரை சபாவின் உறுப்பினர் எவரும் ஹெட்போனை மாட்டக் கூடாது என்று தடை வந்தது. அதற்கப்புறம் ஆறு வருஷமாகச் சபாவில் யாரும் எதையும் கேட்கவில்லை. கேட்டதைப் பற்றிப் பேசுவது மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட நிற்கவில்லை. அந்தப் பெட்டியின் நாதத்தைப் பற்றி இருநூறு பக்கத்துக்கு ஆண்டுமலரே போட்டிருந்தார்கள்.

“அப்ப எனக்கு வழியே இல்லீங்களா?”

ரத்தினவேல் தன் பஞ்சில்லாத காதை அவள் பக்கம் திருப்பினார். பெரிய தொழிற்சாலையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். நிறுத்தி நிதானமாக, தப்பே செய்யாதவர் குரலில் பேசினார். “ஏன் இல்லாம? முறையா விண்ணப்பம் கொடுங்க. கேக்கறது இலவசம். கேக்கறதுக்கான தகுதித் தேர்வுக்குத்தான் கட்டணம்.”

ஆம்ப்ளிபையருக்கென்று முந்தானையில் முடிந்துவைத்திருந்த பணத்தில் பாதி அங்கே போயிற்று.

தேர்வு அடுத்த ஞாயிறு நடந்தது. ரத்தினவேல் ஒரு நாணயத்தைத் தரையில் போட்டார். “என்ன கேட்டுச்சு?”

“காசு விழுந்துச்சுங்க.”

வருத்தத்தோடு ஏதோ குறித்துக்கொண்டார். மறுபடி போட்டார். “இப்ப?”

“இப்பவும் காசுதாங்க. ரெண்டு ரூவாக் காசு.”

“பாத்தீங்களா, இதான் பிரச்சனை. நீங்க காதால கேக்கறீங்க.” சபையைப் பார்த்துத் திரும்பினார். “பொதுமக்கள்கிட்ட இருக்கற பெரிய குறை இதுதான். சத்தம் வந்தா உடனே கேட்டுடறாங்க. அதுக்கு முன்னாடி ஒரு அபிப்பிராயம் வேணும்ல? நான் இருபது வருஷமா அபிப்பிராயம் வச்சிருக்கேன். எந்தச் சத்தமும் அத அசைக்க முடிஞ்சதில்ல.” இடது காதில் பஞ்சு வைத்தவர்கள் எல்லாரும் கைதட்டினார்கள்.

வால்வுக் கட்சி விடுமா? தலைவர் எழுந்தார். “அம்மா, அந்தப் பெட்டியோட பின்னணி கறுப்பா, இல்லை கருநீலமா? அதை முதல்ல சொல்லுங்கோ.”

ஆனந்தவள்ளி அலமாரிப் பக்கம் பார்த்தாள். பின்னால் இருந்த சுவர் பச்சை. சொன்னாள்.

“கேட்டேளா? நாதத்தோட பின்னணியக் கேட்டா சுவத்தைப் பாக்கறா. நமக்கெல்லாம் கேக்காமலே தெரியறது, பாவம், இவாளுக்குக் கேட்டாலும் தெரியாது.” இப்போது வலது காதுப் பஞ்சுக்காரர்கள் கைதட்டினார்கள்.

அவளுக்கு எழுந்து போய்விடலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் கொடுத்த பணம் உள்ளே இருந்தது, மாசக் கடைசி வெளியே நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பணத்தைப் போட்டவர்கள் எல்லாரும் இப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். பெரிய பெரிய அமைப்புகள் எல்லாம் இந்த ஒரு பலத்தில்தான் நிற்கின்றன.

தேர்வில் தோல்வி என்று தீர்மானம் போட்டார்கள். காது இன்னும் பக்குவப்படவில்லை, ஆகையால் காலைதோறும் வந்து அலமாரிக்கு எதிரே உட்கார்ந்து காதைப் பழக்க வேண்டும், அதற்கொரு பராமரிப்புக் கட்டணம் என்றார்கள். மிச்சப் பணமும் போயிற்று. தினமும் வெயிலில் இரண்டு பஸ் மாறிப் போய் உட்கார்ந்தாள். எதிரே மாலை போட்ட ஹெட்போன். பக்கத்தில் யாராவது ஒரு உறுப்பினர் கண்ணை மூடிக்கொண்டு, “ஆகா, இன்னிக்கு மத்திமம் நன்னா இறங்கி வந்திருக்கு,” என்பார். இவள் அங்கே உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் வீட்டில் ஃபைல்கள் தேங்கின. அவசரத்தில் அடித்ததில் பிளாங்க் கூடிப்போயிற்று.

“அந்தப் பொட்டிய வாங்கிட்டா வந்த?” என்று மருதை தினமும் படுக்கையிலிருந்தபடியே கேட்பான்.

“இல்ல. இன்னும் காது பழகலையாம்.”

“யாரு காது?”

“ஏங் காதுதான்.”

“நான் படுக்கையில ஒரு வார்த்தை மொணங்கினாக்கூட அடுப்படியிலேருந்து பதில் வருதே, அந்தக் காதா?” என்றான். ஆனந்தவள்ளிக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் அழுகை வந்தது.

மாசத்தின் கடைசி நாள் வந்தது. ஜாஸ்லின் காலையிலேயே சோதனை ஃபைலை அனுப்பி, சாயங்காலத்துக்குள் வேண்டும் என்றாள். அதே நேரத்தில் ரத்தினவேலிடமிருந்தும் போன். “அம்மா, நல்ல சேதி. இன்னிக்கு உங்க தலையில ஹெட்போன் வைக்கிறோம். லேப்டாப்பையும் எடுத்துட்டு வந்துருங்க, படத்துல இருந்தா நல்லாருக்கும்.”

சபாக் கட்டடத்துக்கு வரிவிலக்கு உண்டு. அது தொடர வேண்டுமானால் வருஷத்துக்கு ஒரு பொதுஜனமாவது பயனடைந்ததாகப் படத்தோடு காட்ட வேண்டும். கடைசி நாள்வரை அதை மறந்திருந்தார்கள். கோர்ட்டுத் தடை உறுப்பினர்களுக்குத்தான். இத்தனை கட்டணம் கட்டியும் ஆனந்தவள்ளி உறுப்பினர் இல்லை. கடைசியில் அதுவே அவளுக்குத் தகுதியாயிற்று.

அவள் போனபோது மேடையில் நாற்காலி போட்டிருந்தது. இரண்டு கட்சிக்காரர்களும் தாங்கள் வைத்த அரக்கு முத்திரையை உடைத்து, ஆளுக்கொரு சாவியால் ஆளுக்கொரு பூட்டைத் திறந்தார்கள். தலைவர் ஹெட்போனின் வலது பக்கத்தையும் ரத்தினவேல் இடது பக்கத்தையும் பிடித்து, ஒருவரை ஒருவர் முந்தாமல் அவள் தலையில் இறக்கினார்கள். பெட்டியை அவள் மடியில் வைத்தார்கள். போட்டோ எடுத்தார்கள். ஹெட்போனில் ஒரு சத்தமும் இல்லை.

“இத லேப்டாப்புல செருகலையே?” என்றாள்.

“செருகக் கூடாது,” என்றார் ரத்தினவேல். “செருகினா சத்தம் வரும். சத்தம் வந்தா அது முதல் செவி. முதல் செவின்னா கோர்ட் அவமதிப்பு.”

“அப்ப நான் எதத்தாங்க கேக்கறது?”

“எங்க உரையக் கேளுங்க,” என்று சொல்லிவிட்டு மைக்கைப் பிடித்தார். மைக் கீயென்றது. எளியவர்களின் காதுக்காக இந்தச் சபா இரவு பகலாக உழைப்பதைச் சொன்னார். எளியவர்கள் யாரும் இதுவரை நன்றி சொல்லாததையும் சொன்னார். அடுத்தாற்போல் தலைவர், மலிவான பெட்டியாக இருந்தாலும் பெரியவர்கள் கூடிப் பேசிப் பேசியே அதன் ஒலி மேம்பட்டிருப்பதாகச் சொன்னார். அவர் முடிப்பதற்குள் சாயங்காலம் வந்துவிடும்போல் இருந்தது.

ஆனந்தவள்ளி யாரையும் கேட்கவில்லை. பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து மடியில் விரித்தாள். பெட்டியின் வயரைச் செருகினாள். பெட்டியில் ஒரு பச்சை விளக்கு எரிந்தது. ஃபைலைத் தட்டினாள்.

ஃபைலில் இருந்த டாக்டர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசினார். உர்ரும் இல்லை, எறும்பும் இல்லை. அந்த மனுஷன் இரண்டு வார்த்தைக்கு நடுவே எச்சில் விழுங்குவதுகூடக் கேட்டது. நஸ்ருல்லா சொன்னது சரிதான், சின்னதே போதும். தலைவர் கையை ஆட்டி ஏதோ சொன்னார். ரத்தினவேல் எழுந்து நின்று ஏதோ கத்தினார். அவர்கள் வாய் அசைந்தது தெரிந்தது, அவ்வளவுதான். அவள் டைப் அடித்துக்கொண்டே இருந்தாள். வயரைப் பிடுங்க இரண்டு கட்சியும் ஓடி வந்தன. ஆனால் யார் முதலில் பிடுங்குவது என்பதில் தகராறு வந்து அங்கேயே நின்றுவிட்டன. அவள் ஃபைலை முடித்து, ஒருமுறை சரிபார்த்து, அனுப்பிவிட்டுத்தான் ஹெட்போனைக் கழற்றினாள்.

அப்போது அவர்கள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கோபமெல்லாம் எங்கோ போய்விட்டது. ஆறு வருஷமாகக் கேட்காத ஒன்றை ஒருத்தி கேட்டுவிட்டாள். குழந்தைகள் மாதிரி சுற்றி நின்றார்கள்.

“சொல்லுங்கோம்மா,” என்றார் தலைவர். “நாதம் எப்படி இருந்தது? இளஞ்சூடா? விஸ்தாரமா? என்னதான் கேட்டேள்?”

ஆனந்தவள்ளிக்குப் பொய் சொல்ல வராது. “ஒருத்தருக்கு ஆசனவாய்ல கட்டிங்க. டாக்டர் கீறி விட்டுருக்காரு. அரை டம்ளர் சீழ் வந்துச்சாம். எல்லாம் தெளிவாக் கேட்டுச்சுங்க.”

யாரோ நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

“முதல் ஒலி,” என்றார் தலைவர். “இதன் முதல் ஒலி!”

“அரை டம்ளரா?” என்றார் ரத்தினவேல்.

ஆறு வருஷத்தில் முதல்முறையாக இரண்டு கட்சியும் ஒன்றுபட்டன. தீட்டுப்பட்ட கருவியை வைத்திருக்கக் கூடாது, இன்றைக்கே வடதிருக்காவேரியான கொள்ளிடத்தில் கரைத்துவிட வேண்டும், பொருளே இல்லாதபோது வழக்கும் இல்லை என்று ஒரே மூச்சில் தீர்மானம் நிறைவேறியது. பஞ்சு வைத்த காதுகள் ஒன்றையொன்று மறந்து கட்டிக்கொண்டன.

ஆனந்தவள்ளியின் போனில் ஜாஸ்லினிடமிருந்து தகவல் வந்தது: ‘அக்கா, ஒரு பிளாங்க் கூட இல்ல. இப்படியே அனுப்புங்க, வேலைக்குப் பயமில்ல.’ இப்படியே அனுப்ப என்ன வழி? பெட்டி வாங்க வைத்திருந்த பணத்தைத்தான் சபா தின்றுவிட்டதே. அவள் வெட்கத்தை விட்டுக் கேட்டாள். “தூக்கித்தான போடப் போறீங்க? அத எனக்குக் குடுத்துருங்களேன். வீட்டுக்காரரு படுத்தபடுக்கைங்க. இத வச்சுத்தான் நான் சோறு போடணும்.”

“அம்மா, எங்களுக்கு மனசில்லைன்னு நினைக்காதேள்,” என்றார் தலைவர். “அசுத்தமானதைத் தானம் பண்றது பாவம். உங்க நன்மைக்குத்தான் சொல்றேன்.”

ரத்தினவேலும் தலையை ஆட்டினார். “எளியவங்களுக்கு மட்டமானதக் கொடுக்கறது எங்க கொள்கை இல்ல.”

ஊர்வலம் கிளம்பியது. முன்னால் ஓர் ஆட்டோ, அதன் தலையில் குழாய் ஒலிபெருக்கி; அது கரகரவென்று கத்தியதில் பாட்டா பேச்சா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. பட்டில் சுற்றிய பெட்டியும் ஹெட்போனும் தலைவர் கையில். ஆனந்தவள்ளி பின்னாலேயே போனாள். யாரும் அவளைக் கூப்பிடவுமில்லை, போகச் சொல்லவுமில்லை. கொள்ளிடக் கரைக்குப் போய்ச் சேர்ந்ததும் வால்வுக் கட்சி ‘ந மம’ என்றது. சிப்புக் கட்சி அதையே தமிழில் ‘எமதன்று’ என்றது. மூன்று தரம் சொன்னார்கள். மூன்றாம் தரம் தலைவர் மூட்டையை ஆற்றில் வீசினார். கரைத்த பிறகு திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது முறை. எல்லாரும் திரும்பிக்கொண்டு, முறை தவறாமல், கரையேறி நடந்தார்கள்.

வைகாசி மாசம். ஆற்றில் ஒரு கை தண்ணீர் கிடையாது. அக்கரைவரைக்கும் மணல். மூட்டை பொத்தென்று மணலில் விழுந்து, பட்டு அவிழ்ந்து கிடந்தது.

ஆனந்தவள்ளி இறங்கிப் போனாள். மணல் காலைச் சுட்டது. பெட்டியை எடுத்து ஊதினாள். ஓட்டைகளில் புகுந்த மணலைத் தட்டி உதறினாள். லேப்டாப்பில் செருகிப் பார்த்தாள். பச்சை விளக்கு எரிந்தது. பட்டுத் துணியையும் பூவையும் அங்கேயே விட்டுவிட்டு, பெட்டியைக் கையிலும் ஹெட்போனைக் கழுத்திலும் வைத்துக்கொண்டு மேலே ஏறினாள்.

ரோட்டில் ஆட்டோ கிளம்பாமல் இருமிக்கொண்டிருந்ததால் சபா முழுவதும் அங்கேயே நின்றது. அவர்களைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போக வேண்டும். மறைத்துக்கொண்டு போக அவளுக்குத் தோன்றவில்லை. மூன்று தரம் எமதன்று என்று சொன்னவர்களிடம் மறைக்க என்ன இருக்கிறது?

“கையில என்னம்மா?” என்றார் தலைவர்.

“ஆத்துல கெடந்துச்சுங்க.”

அவர் ரத்தினவேலைப் பார்த்தார். ரத்தினவேல் அவரைப் பார்த்தார். பெட்டி கிடந்தது என்றால் ஆற்றில் தண்ணீர் இல்லை. தண்ணீர் இல்லை என்றால் கரையவில்லை. கரையவில்லை என்றால் வழக்கு உயிரோடு இருக்கிறது, மரியாதை யாருக்கு என்பதும் மறுபடி கேள்வியாகிறது. இரண்டு பேரும் அந்த வழியெல்லாம் மனசால் ஒருமுறை நடந்துவிட்டுத் திரும்பி வந்தது முகத்திலேயே தெரிந்தது.

ரத்தினவேல் ஆட்டோவின் டயரை ஆராயத் தொடங்கினார்.

“தண்ணி பிரமாதமாப் போறது,” என்றார் தலைவர். “ரெண்டு கரையும் தொட்டுண்டு. வழுக்கிடப் போறது, பாத்து நடங்கோ.”

“சரிங்க,” என்றாள் ஆனந்தவள்ளி. காலில் ஒட்டியிருந்த சுடுமணலைத் தட்டிவிட்டு, ரோட்டோரம் விட்டிருந்த செருப்பைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். வீட்டில் இன்னும் மூன்று டாக்டர்கள் பாக்கி இருந்தார்கள்.